கால் எண்ணும் தாளம்

வத்திராயிருப்பைச் சுற்றியுள்ள ஊர்களில் அம்மன் பொங்கலுக்குச் சாட்டியதும் முளைப்பாரி போடுகிறார்கள். பயறு முளைத்து வளரும் நாட்களில் இரவானால் பெண்கள் வட்டமாக நின்று கும்மி கொட்டுவார்கள். குனிந்து ஒரு கொட்டு, நிமிர்ந்து ஒரு கொட்டு, இடையில் ஓர் எட்டு. ஒருத்தி எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், பிளவக்கல் அணையும் கண்மாய்களும் பாயும் நெல் வயல்களை நம்பி வாழும் இந்த வட்டாரத்துக்குக் கும்மி புதிதன்று. அதைப் பற்றி எழுதுகிறவர்கள் “பாட்டுக்கு ஏற்ப ஆடுகிறார்கள்” என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த வரி பாதி உண்மைதான். கும்மிக்கு மேளம் வேண்டியதில்லை. கைகொட்டும் கால்மிதியுமே அங்கே தாள வாத்தியம். உடம்பு நின்றால் தாளமும் நின்றுவிடும். அப்படியானால் பாட்டு உடம்பை ஆட்டுகிறதா, உடம்பு பாட்டைத் தாங்குகிறதா? கடந்த முப்பது ஆண்டுகளில் மூளை ஆய்வும் குழந்தை ஆய்வும் தந்திருக்கும் சான்றுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால், நாம் வழக்கமாக நம்புவதைவிடத் துணிச்சலான ஒரு முடிவுக்கு வர இடமிருக்கிறது. தாளத்தைக் காது மட்டும் கேட்பதில்லை. உடம்பை அசைப்பதற்கென்று மூளையில் இருக்கும் ஏற்பாடுகளே தாளத்தைக் கண்டுபிடிக்கின்றன. அசையாமல் உட்கார்ந்திருக்கும்போதும் அப்படித்தான். இந்த அத்தியாயம் அந்த முடிவுக்காக வாதிடுகிறது.

முதல் தடயம் கைகொட்டின் நேரத்திலேயே கிடைக்கிறது. திடீரென்று ஓர் ஓசை கேட்டு அதற்குக் கையால் பதில் தர மனிதருக்கு ஏறத்தாழ 150 மில்லி விநாடி ஆகும். காது ஒலியை வாங்கி, மூளை முடிவெடுத்து, நரம்பு வழியே தசைக்குச் செய்தி போய்ச் சேர வேண்டுமல்லவா? கும்மியில் நிற்கும் ஒவ்வொருத்தியும் பக்கத்தில் இருப்பவளின் கொட்டைக் கேட்டபின்தான் தன் கையைச் சேர்க்கிறாள் என்றால், வட்டம் முழுவதும் கொட்டு சிதறிச் சிதறி விழ வேண்டும். அப்படி விழுவதில்லை, இருபது பேரின் கொட்டு ஒரே கொட்டாகக் கேட்கிறது. ஆய்வுக்கூடத்தில் சீரான ‘டிக்’ ஒலிக்கு விரலைத் தட்டச் சொன்னால் இன்னும் வியப்பான ஒன்று தெரிகிறது. பெரும்பாலோர் ஒலிக்குப் பின்னால் தட்டுவதில்லை, சில பத்து மில்லி விநாடி முன்னாலேயே தட்டிவிடுகிறார்கள். தாங்கள் சரியாக ஒலியோடு தட்டுவதாகவே அவர்களுக்குத் தோன்றுகிறது. நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கும் உண்மை இது. ஆக, தாளத்தோடு சேர்வது பதில் தரும் வேலையல்ல, முன்கூட்டிக் கணிக்கும் வேலை. அடுத்த கொட்டு எப்போது விழும் என்று உடம்பு முன்பே முடிவுசெய்து கையை அனுப்பிவிடுகிறது. ஓடிவரும் பந்தைப் பிடிக்கவும், படியில் கால் வைக்கவும், தண்ணீர்க் குடத்தைச் சிந்தாமல் தூக்கவும் நமக்கு இருக்கும் கணிப்புத் திறன் எல்லாம் அசைவுக்காக வளர்ந்தவை. காலத்தைக் கணிக்க மூளை வேறெங்கும் தேடிப் போக வேண்டியதில்லை.

கணிப்பு தேவைப்படுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தாளம் ஒலிக்குள் முழுமையாக இல்லை. ஒரே வலுவில், ஒரே இடைவெளியில் ஆறு கொட்டு கொட்டினால், அதை மும்மூன்றாக இரண்டு கூறாகவும் கேட்கலாம். இரண்டிரண்டாக மூன்று கூறாகவும் கேட்கலாம். காற்றில் வரும் அலை ஒன்றுதான். பிரித்துக் கேட்பது நாம். எது பிரிக்கிறது என்பதற்குக் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜெசிகா ஃபிலிப்ஸ்-சில்வரும் லாரல் டிரெய்னரும் செய்து 2005-இல் வெளியிட்ட சோதனை அருமையான விடை தந்தது. ஏழு மாதக் குழந்தைகளுக்கு, எங்கும் அழுத்தம் இல்லாத ஒரு கொட்டு வரிசையை இரண்டு நிமிடம் கேட்க வைத்தார்கள். கேட்கும்போது பாதிக் குழந்தைகளை இரண்டாவது கொட்டுக்கு ஒருமுறை தூக்கிக் குலுக்கினார்கள். மீதிக் குழந்தைகளை மூன்றாவது கொட்டுக்கு ஒருமுறை. எல்லாரும் கேட்டது ஒரே ஒலி. பிறகு அதே வரிசையை இரண்டில் அழுத்தியும் மூன்றில் அழுத்தியும் வாசித்துக் காட்டியபோது, எந்தக் கணக்கில் குலுக்கப்பட்டார்களோ அந்தக் கணக்கையே குழந்தைகள் அதிக நேரம் கவனித்துக் கேட்டன. கண்ணைக் கட்டிக் குலுக்கினாலும் விளைவு மாறவில்லை. குலுங்காமல், இன்னொருவர் குலுங்குவதை மட்டும் பார்த்த குழந்தைகளிடம் அந்த விளைவு தோன்றவில்லை. கேட்ட ஒலி எப்படிப்பட்டது என்பதை, உடம்பு அடைந்த அசைவு தீர்மானித்திருக்கிறது. அதில் பெரும்பங்கு, தலையின் அசைவை உணரும் உட்செவியின் சமநிலை உறுப்புக்கு உண்டு. கேட்கும் உறுப்பும் அந்தச் சமநிலை உறுப்பும் ஒரே எலும்புக் குகைக்குள் அடுத்தடுத்து அமைந்தவை.

அந்தச் சோதனையைப் படிக்கும்போது நம் வீட்டு விட்டத்தில் தொங்கும் சேலைத் தொட்டில் நினைவுக்கு வராமல் இராது. தொட்டில் என்பது ஓர் ஊசல். ஊசல் போய்த் திரும்ப ஆகும் நேரத்தை அதன் நீளமும் புவியீர்ப்பும் முடிவுசெய்கின்றன. சுமார் 2 மீட்டர் தொங்கும் தொட்டில் ஒருமுறை போய்த் திரும்ப ஏறத்தாழ 2.8 விநாடி ஆகும். ஒரு பக்கம் போக 1.4 விநாடி. குழந்தையின் எடை இதைப் பெரிதாக மாற்றுவதில்லை, ஆட்டுபவர் மெல்லத் தள்ளினாலும் சற்று வேகமாகத் தள்ளினாலும் நேரம் ஏறக்குறைய அதேதான். எனவே தாலாட்டுப் பாடுகிறவர் தம் விருப்பத்துக்கு வேகம் கூட்ட முடியாது. தொட்டில் தரும் காலத்துக்குள் வரியைப் பொருத்தியாக வேண்டும். இன்னொரு பொருத்தமும் இதில் இருக்கிறது. இரண்டு கொட்டுக்கு நடுவே ஏறத்தாழ 2 விநாடிக்கு மேல் இடைவெளி போனால் மனிதரால் அடுத்த கொட்டைச் சரியாக முன்கணிக்க முடிவதில்லை. கேட்டபின் பதில் தரும் நிலைக்குத் தள்ளப்படுகிறார்கள். தொட்டிலின் ஒரு பக்க வீச்சு அந்த வரம்புக்குள் வசதியாக அடங்குகிறது. இங்கே பிறந்த குழந்தை, தானாக ஓர் அடி எடுத்துவைப்பதற்கு ஓராண்டு முன்பிருந்தே, பாட்டையும் அசைவையும் ஒன்றாகவே பெறுகிறது. அதற்கு அவை இரண்டு வெவ்வேறு பொருள்கள் என்று சொல்லித்தருவதுதான் கடினமாக இருக்கும்.

மூளைக்குள் என்ன நடக்கிறது? மாண்ட்ரியலில் ஜாய்ஸ் சென், வர்ஜீனியா பென்ஹூன், ராபர்ட் சடோரே ஆகியோர் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்கேன் கருவிக்குள் அசையாமல் படுத்துத் தாள வரிசைகளைக் கேட்டவர்களின் மூளையில் அசைவைத் திட்டமிடும் மேற்புறப் பகுதிகளும் சிறுமூளையும் வேலைசெய்தன. பின்னால் தட்டிக்காட்ட வேண்டியிருக்கும் என்று அவர்களுக்குச் சொல்லப்படாதபோதும் அவை வேலைசெய்தன. ஜெசிகா கிரானும் மேத்யூ பிரெட்டும் 2007-இல் காட்டியது இதைவிடக் குறிப்பானது. கொட்டுப் பிடிபடும் வரிசையையும் பிடிபடாத ஒழுங்கற்ற வரிசையையும் ஒப்பிட்டால், முதலாவதைக் கேட்கும்போது மூளையின் ஆழத்தில் இருக்கும் பேசல் காங்லியா என்ற நரம்புத் திரள்கள் கூடுதலாகத் தூண்டப்படுகின்றன. அசைவைத் தொடங்கவும் கோக்கவும் உதவும் திரள்கள் அவை. இந்த இடத்தில் கவனமான வாசகர் குறுக்கிடுவார்: ஒரு பகுதி தூண்டப்படுகிறது என்பதால் அது தேவைப்படுகிறது என்று ஆகிவிடுமா? தாளத்தைக் காது தனியாகக் கண்டுபிடித்துவிட்டு, அதன் எதிரொலியாக அசைவுப் பகுதி விழித்திருக்கலாமே? ஆடத் தோன்றியும் அடக்கிக்கொண்டதன் தடமாகவும் அது இருக்கலாமே? நியாயமான கேள்விதான். ஸ்கேன் படங்களை வைத்து மட்டும் இதற்கு விடை சொல்ல முடியாது. அசைவுப் பகுதி பழுதானால் கேட்பது கெடுகிறதா என்று பார்க்க வேண்டும். பார்த்திருக்கிறார்கள். பேசல் காங்லியாவுக்குப் போகும் டோபமைன் குறைந்துபோவதுதான் பார்க்கின்சன் நோய். நம் ஊரில் நடுக்குவாதம் என்பார்கள். கிரானும் பிரெட்டும் 2009-இல் அந்த நோயாளிகளிடம் இரண்டு தாள வரிசைகள் ஒன்றா வேறா என்று மட்டும் கேட்டார்கள். தட்டச் சொல்லவில்லை, அசையச் சொல்லவில்லை. கொட்டுப் பிடிபடும் வரிசைகளில் மற்றவர்களுக்குக் கிடைக்கும் அனுகூலம் நோயாளிகளுக்குக் குறைந்திருந்தது. காது நன்றாக இருந்தும், உடம்பை நடத்தும் பகுதி தளர்ந்ததால் கேட்பது குறைந்தது. மறுபக்கத்துச் சான்றும் உண்டு. 2013-இல் மெக்மாஸ்டரில் ஃபியோனா மேனிங்கும் மைக்கேல் ஷுட்ஸும், கடைசிக் கொட்டு சரியான நேரத்தில் விழுந்ததா என்று கேட்டபோது, கூடவே தட்டிக்கொண்டு கேட்டவர்கள் சும்மா கேட்டவர்களைவிடத் திருத்தமாகச் சொன்னார்கள். அசைவு குறைந்தால் கேள்வி மங்குகிறது, கூடினால் கூர்மையாகிறது. இரண்டு திசையிலும் சான்று நிற்கும்போது ‘வெறும் எதிரொலி’ என்ற விளக்கம் தாங்காது.

சபாவில் உட்கார்ந்து கேட்கிறவர்களைக் காட்டி மறுப்பவர்கள் உண்டு. அவர்கள் ஆடுவதில்லையே, அவர்களுக்குத் தாளம் தெரியவில்லையா என்பார்கள். முன்வரிசைத் தொடைகளைக் கவனித்தாலே இதற்குப் பாதி விடை கிடைத்துவிடும். மீதி விடை கர்நாடக இசையின் இலக்கணத்தில் இருக்கிறது. ஆதி தாளம் எட்டு அட்சரம். ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. எட்டில் ஓசை எழுப்புவது மூன்று தட்டு மட்டுமே. விரல் எண்ணிக்கையும் வீச்சும் பிறர் காதுக்கு எட்டாதவை. தாளம் காதுக்கான செய்தி மட்டுமே என்றால், ஓசையற்ற இந்த ஐந்துக்கும் என்ன வேலை? பாடுகிறவர் தமக்கே தம் கையால் காலத்தை அளந்து தருகிறார். தாளத்தின் அங்கங்களைக் கையின் கிரியைகளால் வரையறுத்த மரபு, அறிவியல் இப்போது வந்து சேரும் இடத்தை நடைமுறையில் எப்போதோ பிடித்துவிட்டது என்று சொல்வது மிகையாகாது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் இன்னும் உயிரோடிருக்கும் அரையர் சேவையிலும் இதைப் பார்க்கலாம். திருவரங்கம், ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய தலங்களில் எஞ்சி நிற்கும் இந்த மரபில், கூம்புக் குல்லாய் அணிந்த அரையர் கையில் தாளம் ஏந்தித் திவ்வியப் பிரபந்தத்தைப் பாடி, அபிநயித்து, விளக்கமும் சொல்கிறார். பாட்டு, தாளக்கருவி, அபிநயம் மூன்றும் ஓர் உடம்பிலேயே நடக்கின்றன. பாடகர், பக்கவாத்தியக்காரர், ஆடுபவர் என்று ஆளைப் பிரிப்பது கலை வளர்ச்சிக்கு உதவியிருக்கலாம். ஆனால் அந்தப் பிரிவை மூளையின் அமைப்பு என்று எடுத்துக்கொண்டதில்தான் பல பாடநூல்கள் தடுமாறின. சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில் ஏழு பெண்களுக்கு ஏழு சுரங்களின் பெயரைச் சூட்டி வட்டமாக நிறுத்துகிறாள் மாதரி. சுரத்துக்கே ஓர் உடம்பும் ஓர் இடமும் கொடுத்த கற்பனை அது.

இதைவிடக் கடினமான மறுப்பு பச்சிளங் குழந்தைகளிடமிருந்து வருகிறது. 2009-இல் ஹங்கேரியின் இஸ்த்வான் விங்க்லர் குழு, பிறந்து இரண்டு மூன்று நாளே ஆன, தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகளுக்கு மேளத் தாளத்தைக் கேட்க வைத்து மூளை மின்னலைகளைப் பதிந்தது. வலுவான முதல் கொட்டை விட்டுவிட்டபோது, எதிர்பார்த்தது வராததன் அடையாளம் அலையில் தெரிந்தது. நடக்கத் தெரியாத, கைதட்டத் தெரியாத, தொட்டிலையே இன்னும் அறியாத குழந்தைக்குத் தாளம் பிடிபடுகிறது என்றால், உடம்பின் அசைவிலிருந்துதான் தாளம் பிறக்கிறது என்ற வாதம் என்ன ஆவது? கருப்பையில் தாயின் நடையோடு குழந்தை குலுங்கியிருக்கிறது, தாயின் இதயத் துடிப்பைக் கேட்டிருக்கிறது என்று சொல்லித் தப்பிக்கலாம். அது நடக்கக்கூடியதுதான், ஆனால் நிறுவப்பட்ட விடை ஆகாது. நேர்மையாக வாதத்தின் எல்லையைக் குறுக்கிக்கொள்வதே சரி. தாளம் பிடிபட, அதற்கு முன் கைகால் அசைந்திருக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அசைவுக்காக மூளையில் அமைந்த கணிப்பு ஏற்பாடு வேலைசெய்ய வேண்டும் என்கிறோம். பிறந்த குழந்தைக்கும் அந்த ஏற்பாட்டின் தொடக்க வடிவம் உண்டு. பிறகு வரும் தொட்டிலும் இடுப்புச் சவாரியும் கும்மி வட்டமும் அதற்கு எந்தக் கணக்கு, எந்த அழுத்தம் என்று கற்றுத்தருகின்றன. ஏழு மாதத்தில் குலுக்கல் கணக்கை மாற்ற முடிந்தது என்பதும், இரண்டாம் நாளிலேயே கணிப்பு இருந்தது என்பதும் இப்படிப் பார்த்தால் முரண்படவில்லை.

எல்லையைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லா இசையும் தாளத்தில் இல்லை. விருத்தம் பாடும்போதும் ராகத்தை ஆலாபனை செய்யும்போதும் எண்ணத்தக்க கொட்டு கிடையாது. ஒப்பாரி, அழுகையின் மூச்சைப் பிடித்துக்கொண்டு நீண்டும் சுருங்கியும் போகும். அங்கேயும் உடம்பு சும்மா இருப்பதில்லை. ஒப்பாரி வைக்கும் பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அசைகிறார்கள், மாரடிக்கிறார்கள். ஆலாபனை செய்பவரின் கை காற்றில் ராகத்தின் வளைவை வரைகிறது. ஆனால் அந்த அசைவு, சுரத்தைக் கேட்பதற்குத் தேவையானதா, கேட்டதன் வெளிப்பாடா என்பதற்குத் தாளத்தில் இருப்பதுபோல் இருபுறச் சான்று இல்லை. அதனால் இந்த அத்தியாயத்தின் முடிவு தாளத்துக்குத்தான், இசை முழுவதற்கும் அல்ல.

உடம்புதான் தாளத்தைப் பிடிக்கிறது என்றால், உடம்பு எல்லாருக்கும் ஒன்றுதானே, ஊருக்கு ஊர் தாளம் ஏன் மாறுகிறது என்று கேட்பவர்களுக்கு எரின் ஹேனனும் சாண்ட்ரா டிரீஹப்பும் 2005-இல் வெளியிட்ட ஆய்வுகளைக் காட்டலாம். பால்கன் நாட்டு நடனங்களில் ஏழு எண்ணிக்கைத் தாளங்கள் சாதாரணம். வட அமெரிக்கப் பெரியவர்களுக்கு அவற்றில் நேர்ந்த பிசகைக் கண்டுபிடிக்க முடியவில்லை, தங்களுக்குப் பழகிய இரட்டைக் கணக்கில் மட்டும் முடிந்தது. பால்கன் பகுதியில் பிறந்தவர்களுக்கு இரண்டும் எளிது. வட அமெரிக்காவின் ஆறு மாதக் குழந்தைகள் இரண்டிலும் பிசகைக் கண்டுபிடித்தன. ஓராண்டு ஆனபோது அந்தத் திறன் தங்கள் ஊர்த் தாளத்துக்குச் சுருங்கத் தொடங்கியிருந்தது. ஆனாலும் இரண்டு வாரம் வீட்டில் அந்த இசையைக் கேட்கவைத்ததும் ஓராண்டுக் குழந்தைகள் அதை மீட்டுக்கொண்டன. பெரியவர்களால் அப்படி மீட்க முடியவில்லை. ‘தகிட தகதிமி’ என்று ஏழில் நடக்கும் மிச்ர சாபும், ‘தக தகிட’ என்று ஐந்தில் நடக்கும் கண்ட சாபும் தமிழ்நாட்டுக் காதுக்குக் கணக்குப் போடாமலே விளங்குவது பிறவி மேன்மையால் அல்ல. சிறு வயதிலேயே அவை உடம்பில் ஏறிவிட்டன.

விலங்குகளிடமிருந்து வரும் கேள்வி வேறு மாதிரியானது. அசைவை ஆளும் மூளைப்பகுதி நாய்க்கும் உண்டு, மாட்டுக்கும் உண்டு. ராஜபாளையம் நாய்கள் தலைமுறை தலைமுறையாக மனிதரோடு வாழ்ந்து, ஒவ்வொரு பொங்கலுக்கும் கொட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. ஒன்றுகூடக் கொட்டுக்குக் கால் வைப்பதில்லை. 2009-இல் அடீனா ஷாக்னர் குழு இணையத்தில் கிடைத்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட விலங்கு வீடியோக்களைச் சலித்தது. தாளத்தோடு உண்மையிலேயே பொருந்தி அசைந்தவை பலவகைக் கிளிகளும் ஓரிரு யானைகளும்தான், நாய் இல்லை. அதே ஆண்டில் அனிருத் படேல் குழு ஸ்னோபால் என்ற கொண்டைக்கிளி, பாட்டின் வேகத்தை மாற்றினால் தன் அசைவின் வேகத்தையும் மாற்றிக்கொள்வதைக் காட்டியது. படேல் 2006-இலேயே ஒரு கருத்தை முன்வைத்திருந்தார்: கேட்ட ஒலியைத் தொண்டையில் திருப்பிச் சொல்லக் கற்கும் இனங்களுக்கு, காதுப் பகுதிக்கும் அசைவுப் பகுதிக்கும் இடையே வலுவான பாதை இருக்கும், தாளம் அந்தப் பாதையில்தான் போகிறது. கிளியும் மனிதரும் ஒரு பட்டியலில் வருவது அதனால். இதற்கும் ஒரு விதிவிலக்கு 2013-இல் வந்து சேர்ந்தது. கலிஃபோர்னியாவில் ரோனன் என்ற கடற்சிங்கம், குரலைப் பின்பற்றும் இனம் என்று பெயர் எடுக்காதது, பயிற்சிக்குப் பின் தாளத்துக்குத் தலையாட்டியது. பயிற்சியில் கேளாத வேகங்களுக்கும் ஆட்டியது. எனவே குரல் கற்றல் ஒன்றே திறவுகோல் என்று அடித்துச் சொல்ல முடியாது. நம் வாதத்துக்கு வேண்டியது சிறிய ஒன்றுதான்: அசைவுப் பகுதி இருந்தால் போதாது, காதோடு அதற்கு நெருக்கமான கொடுக்கல் வாங்கல் வேண்டும். மனிதரில் அது கூலியும் பயிற்றுநரும் இல்லாமல் தானாக வளர்கிறது. அந்த நெருக்கத்தை நாய் ஒரு பக்கமும் கிளி ஒரு பக்கமும் நின்று உறுதிசெய்கின்றன.

உடம்புதான் அளவுகோல் என்றால், தாளத்தின் வேகத்திலும் உடம்பின் அச்சு தெரிய வேண்டும். தெரிகிறது. ஹாமிஷ் மெக்டூகலும் ஸ்டீவன் மூரும் 2005-இல், நாள் முழுவதும் அசைவுமானி அணிந்து இயல்பாக நடமாடியவர்களின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். நடையின் அதிர்வு விநாடிக்கு ஏறத்தாழ இரண்டில் குவிந்தது. உயரம், எடை, வயது, பால் எதுவும் அதைப் பெரிதாக மாற்றவில்லை. விநாடிக்கு இரண்டு என்றால் நிமிடத்துக்கு 120. கேட்கிறவர்கள் மிகத் தெளிவாகத் தாளத்தை உணரும் வேகமும், ஆட்டப் பாடல்கள் அதிகம் குவியும் வேகமும் அதைச் சுற்றியே இருக்கின்றன. இந்த வட்டாரத்தில் இதற்கு மிகச் சிறந்த சாட்சி காவடிச் சிந்து. ராஜபாளையத்துக்குத் தெற்கே சங்கரன்கோவில் பக்கம் சென்னிகுளத்தில் 19ஆம் நூற்றாண்டில் பிறந்து, மிக இளம் வயதிலேயே மறைந்த அண்ணாமலை ரெட்டியார், ஊற்றுமலை ஜமீனின் ஆதரவில் கழுகுமலை முருகன்மேல் பாடியவை அவை. காவடி தூக்கி நடப்பவர்களின் வழிநடைக்காகப் பிறந்த வடிவம் சிந்து. தோளில் சுமை, காலில் தூரம், வாயில் பாட்டு என்று மூன்றும் ஒத்துப்போனால்தான் அது பாடக்கூடியதாக இருக்கும். எதுகையும் மோனையும் இயைபும் அடுக்கடுக்காக வந்து விழும் இடங்கள், அடி எடுத்துவைக்கும் இடங்களோடு இசைவதால்தான், ரெட்டியாரின் சந்தங்களைக் கண்ணால் படிக்கும்போதும் கால் பரபரக்கிறது. சுமை இறங்கிய பின்னும் அந்தப் பாடல்கள் மேடையில் பிழைத்தன. கமலைப் பாட்டும் ஏற்றப் பாட்டும் அப்படிப் பிழைக்கவில்லை. கிணற்றடியில் மாட்டின் போக்குவரத்துக்கும் சால் எண்ணிக்கைக்கும் பாடப்பட்டவை, மின்சார பம்புசெட் வந்த ஒரே தலைமுறைக்குள் வாய்வழக்கிலிருந்து போய், நா. வானமாமலை போன்றோரின் தொகுப்புகளில் மட்டும் தங்கின. மெட்டு அழகாக இருந்தும், அதைத் தாங்கிய அசைவு போனதும் பாட்டும் போயிற்று. நாற்று நடும் எந்திரம் வரும் வயல்களில் நடவுப் பாட்டுக்கும் இதுதான் நேர்கிறது. இதை இழப்பு என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை. முதுகொடியும் வேலை குறைந்தது நல்லது. பாட்டு போனது நல்லதல்ல.

பலர் சேர்ந்து அசையும்போது இந்தக் கணிப்பு இன்னொரு வேலையையும் செய்கிறது. ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேர் நிலையிலிருந்து கிளம்ப வேண்டுமானால், நிற்கும் சக்கரத்தின் உராய்வை ஒரே நொடியில் வெல்ல வேண்டும். வடம் பிடித்த ஆயிரம் பேரும் ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் அத்தனை வலுவும் வீண். முழக்கமும் கொட்டும் அவர்களின் இழுப்பை ஒரு கணத்தில் குவிக்கின்றன. ஒவ்வொருவரும் அடுத்தவர் எப்போது இழுப்பார் என்று முன்கணிக்க முடிவதால்தான் தேர் அசைகிறது. ராஜகம்பளத்து நாயக்கர்களின் தேவராட்டத்தில் பாட்டே கிடையாது. தேவதுந்துபியின் கொட்டும் சலங்கைக் காலும் மட்டும்தான். வரிசையில் நிற்பவர்கள் ஒரே ஆளாகத் திரும்புவதற்குச் சொல் ஒன்றும் தேவைப்படவில்லை. செபாஸ்டியன் கிர்ஷ்னரும் மைக்கேல் டோமசெல்லோவும் 2009-இல் சிறு குழந்தைகளைக் கொட்டவைத்துப் பார்த்தபோது, எந்திரத்தோடு கொட்டுவதைவிட ஓர் ஆளோடு சேர்ந்து கொட்டும்போது இரண்டரை வயதுக் குழந்தைகளே தாளத்தோடு நன்றாகப் பொருந்தின. கும்மி வட்டத்தில் பாட்டிக்கும் அத்தைக்கும் நடுவில் நிறுத்தப்படும் சிறுமி சீக்கிரம் கற்றுக்கொள்வதற்கு இது ஒரு காரணமாக இருக்கக் கூடும்.

பார்க்கின்சன் நோயாளிகளைப் பற்றிய ஒரு சிக்கல் இன்னும் பாக்கி இருக்கிறது. அவர்களுக்குத் தாளம் பிடிபடுவது குறைகிறது என்று பார்த்தோம். ஆனால் அவர்களுக்குத்தான் தாளம் மருந்தாகவும் உதவுகிறது. மைக்கேல் தௌட் குழு 1996-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று வாரம் வீட்டில் தினமும் தாள ஒலியோடு நடந்து பழகிய நோயாளிகளின் நடைவேகம் சுமார் 25 விழுக்காடும் எட்டின் நீளம் சுமார் 12 விழுக்காடும் கூடின. முரண் போலத் தோன்றும் இது, உற்றுப் பார்த்தால் நம் வாதத்துக்கே பக்கபலம். நோயில் தளர்வது, ஒலியில் மறைந்திருக்கும் கொட்டை உள்ளிருந்து உருவாக்கும் திறன். கொட்டை வெளியிலிருந்து அழுத்தமாகக் கொடுத்துவிட்டால், உள்ளே உருவாக்க வேண்டிய வேலை மிச்சம். சிறுமூளை வழியாகவும் அசைவைத் திட்டமிடும் மேற்பகுதிகள் வழியாகவும் அது காலுக்குப் போய்ச் சேரலாம் என்பது இப்போதைய விளக்கம். காதிலிருந்து காலுக்குப் போகும் வழி ஒன்றுக்கு மேற்பட்டது என்று இதற்குப் பொருள். ஒரு வழி அடைபட்டவருக்கு இன்னொன்றைத் திறந்துவிட முடிகிறது.

இந்தச் சிகிச்சைக்கு விலையுயர்ந்த கருவி வேண்டாம், ஆனால் பாட்டை அளந்து தேர்ந்தெடுக்க வேண்டும். முதலில் நோயாளி தம் இயல்பில் ஒரு நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறார் என்று எண்ணுகிறார்கள். அந்த வேகத்திலேயே கொட்டு விழும் இசையோடு பழக்கிவிட்டு, பிறகு ஐந்திலிருந்து பத்து விழுக்காடு கூட்டுகிறார்கள். நிமிடத்துக்கு 90 அடி வைப்பவர் என்றால் 95, பிறகு 99. கொட்டு தெளிவாக, அழுத்தமாக, இடறாமல் விழ வேண்டும். மேலை நாடுகளில் இதற்கு அணிவகுப்பு இசையையும் அவர்களுடைய நாட்டுப்பாடல்களையும் பயன்படுத்துகிறார்கள். வத்திராயிருப்பிலோ கூமாப்பட்டியிலோ இருக்கும் எழுபது வயதுக்காரருக்கு அந்த இசை உடம்பில் ஏறியதில்லை. அவர் கால் அறிந்தது கும்மிக் கொட்டும் காவடிச் சிந்தும் ஒயிலாட்டத்தின் அடவும். ஒவ்வோர் எட்டுக்கும் ஒரு கொட்டு விழும் கும்மியும் வழிநடைச் சிந்தும் அதற்குத் தோதானவை. ஏழிலும் ஐந்திலும் நடப்பவை இரண்டு காலுக்குச் சமமாகப் பங்கு வராததால் தொடக்கத்தில் உதவாது. கும்மியையும் வழிநடைச் சிந்தையும் வெவ்வேறு வேகங்களில், நிமிடத்துக்கு 80 முதல் 120 வரை, ஐந்தைந்தாகக் கூட்டிப் பதிவுசெய்து வைத்தால் ஓர் இயன்முறை மருத்துவர் கைப்பேசியிலிருந்தே போட்டுவிட முடியும். பாடத் தெரிந்த பெண்கள் இந்த ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள்.